தூக்குவாளியில் உறையும் ரசபாளெ

பால் தயிராவதற்கும் நீர் கட்டியாவதற்கும் தமிழில் ஒரே சொல்தான்: உறைதல். வீட்டில் ஐஸ்கிரீம் செய்ய முனைகிறவர் முதலில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு உறைதலிலும் நடப்பது ஒன்று. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நிலைக்கு வருகிறது. இரண்டிலும் கெடுவதும் ஒரே விதமாகத்தான். அவசரப்பட்டால் தயிர் நீர்த்துப்போகும், ஐஸ்கிரீம் கல்லாகிவிடும்.

நம் நாட்டில் இயற்கையாக உறைந்த நீரைக் கண்டவர்கள் குறைவு. பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது, தலையில் துண்டு போட்டுக்கொள்ள வைப்பது. சமவெளித் தமிழன் கையில் எடுத்துப் பார்த்த ஒரே இயற்கைக் கட்டி ஆலங்கட்டி. அதுவும் சித்திரை மழையோடு வந்து, பிள்ளைகள் பொறுக்குவதற்குள் கரைந்துவிடும். ஆனாலும் ஐஸ்கிரீமுக்குத் தமிழில் அமைந்த 'பனிக்கூழ்' என்ற சொல் மிகச் சரியானது. கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை என்பது அதன் தகுதியைக் குறைக்காது. கூழ் என்பது திடமும் அல்ல, திரவமும் அல்ல. ஐஸ்கிரீமும் அப்படித்தான்: நுண்ணிய பனிப்படிகங்கள், கொழுப்புத் துளிகள், காற்றுக் குமிழிகள், இவை மூன்றையும் சுற்றிலும் உறையாமல் நிற்கும் கெட்டியான சர்க்கரைப்பாகு. நான்கும் சேர்ந்தால்தான் அது ஐஸ்கிரீம்.

படிகத்தின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரான். படிகங்கள் ஏறக்குறைய ஐம்பது மைக்ரானுக்கு உள்ளே இருக்கும்வரை நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை, வழவழப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் நறநறக்கும். பாலை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் குச்சி ஐஸ் கிடைப்பதும் ஐஸ்கிரீம் கிடைக்காததும் இதனால்தான். மெதுவாக, அசையாமல் உறையும் நீர் பெரிய படிகமாக வளரும். விரைவாகவும் அசைந்துகொண்டும் உறையும் நீருக்கு வளர நேரம் கிடைப்பதில்லை.

ஆக, ஐஸ்கிரீம் இயந்திரம் செய்கிற வேலை இரண்டு. குளிர வைப்பது ஒன்று. குளிரும்போதே கிண்டி, சுவரில் படியும் படிகத்தைச் சுரண்டி, காற்றை ஏற்றுவது மற்றொன்று. முதல் வேலையைக் கல்லுப்பும் ஐஸ்கட்டியும் செய்யும். இரண்டாவதில் பாதியைக் கையும், மீதிப் பாதியை நஞ்சன்கூட்டு வாழைப்பழமும் செய்யும். நான் இங்கே நிறுவ வருவது இவ்வளவுதான்.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உதகையிலிருந்து பந்திப்பூர், குண்டலுப்பேட்டை வழியாக மைசூர் போகிறவர்களுக்கும், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறிச் சாமராஜநகர் வழியாகப் போகிறவர்களுக்கும் வழியில் வரும் ஊர் நஞ்சன்கூடு. நஞ்சுண்டவன் இருக்கும் கூடு. கன்னடப் பெயர்தான் என்றாலும் தமிழ்க் காதுக்கு விளக்கவுரை தேவைப்படாத பெயர். ஸ்ரீகண்டேசுவரர் கோயிலும் கபிலை ஆறும் உள்ள ஊர். கபிலைதான் கபினி. இங்கே விளையும் வாழைக்கு ரசபாளெ என்று பெயர். கன்னடத்து 'பாளெ' நம் வாழை. நஞ்சன்கூடு வாழை என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடு உண்டு. வாழையியலார் இதைச் 'சில்க்' என்ற பிரிவில் வைக்கிறார்கள். நம் ரஸ்தாளியும் அதே பிரிவுதான், இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் நஞ்சன்கூட்டுக்காரர்களிடம் ரஸ்தாளியும் ரசபாளெயும் ஒன்றுதானே என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மணம் மண்ணிலிருந்து வருகிறது என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து உண்டு பார்த்தபின் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பழம் எப்படிப் பாதி இயந்திரம் ஆகும்? காய் வாழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைந்து, மீதியெல்லாம் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை ஒரே வகை அல்ல. நாம் கடையில் வாங்கும் சீனியான சுக்ரோஸோடு, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்திருக்கும். கரைந்த பொருள் நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் என்பது பள்ளியில் படித்தது. எவ்வளவு தாழ்த்தும் என்பது எடையைப் பொறுத்ததல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342, குளுக்கோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் 180. அதனால் ஒரே எடைக்கு இவ்விரண்டும் சீனியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உறைநிலையைத் தாழ்த்தும். அதாவது, நன்றாகப் பழுத்த பழம் சேர்ந்த கலவை ஃப்ரீசரில் கல்லாக இறுகாது, கரண்டி இறங்கும். அதோடு பழுத்த வாழையின் பெக்டின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நகர முடியாத நீர் பெரிய படிகத்தோடு போய்ச் சேர முடியாது. தொழிற்சாலையில் குவார் பிசினும் கேரகீனனும் செய்கிற காவல் வேலையை இங்கே பழமே செய்துவிடுகிறது.

எனவே பழுத்த நாள் முக்கியம். என் பக்கத்து வீட்டுப் பாட்டி, கன்னடத்தில் அஜ்ஜி, தோலை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னொந்து தின காயிரி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று பொருள். ரசபாளெயின் தோல் மிக மெல்லியது. மஞ்சளில் பழுப்புப் புள்ளி விழுந்து, சீப்பைத் தூக்கினால் காம்பிலிருந்து பழம் தானே கழன்று விழும் நாள்தான் சரியான நாள். மாவுச்சத்து அன்று சர்க்கரையாக மாறி முடிந்திருக்கும். அஜ்ஜியின் விரலுக்கு அது தெரியும்.

அவர் வீட்டில் இந்தப் பழத்தை நறுக்கித் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துச் செய்வதன் பெயர் ரசாயன. கன்னட நாட்டுப் பண்டிகை இலைகளில் அது உண்டு. நமக்கோ ரசாயனம் என்றால் பரிசோதனைக் குழாயும் அமிலமும். ஒரே சொல் ஆற்றின் அந்தக் கரையில் இனிப்பாகவும் இந்தக் கரையில் பாடப்புத்தகமாகவும் இருப்பதைப் பார்த்தபோது, ஐஸ்கிரீமைச் சமையலாகவும் வேதியியலாகவும் சேர்த்தே எழுதலாம் என்று எனக்குத் துணிவு வந்தது.

இனிப் பால். இந்தியாவில் முழுக் கொழுப்புப் பால் என்று விற்பதில் கொழுப்பு 6 சதவீதமும் கொழுப்பு நீங்கிய திடப்பொருள் 9 சதவீதமும் இருக்க வேண்டும். ஒரு லிட்டரை அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றி, அரை லிட்டராகும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். நஞ்சன்கூடு கடல்மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேலே இருப்பதால் நீர் கொதிப்பது நூறு பாகையில் அல்ல, ஏறக்குறைய 98 பாகையில். சென்னையிலிருந்து வந்த சமையல்காரர் பால் ஏன் இன்னும் சுண்டவில்லை என்று அடுப்பைக் கூட்டக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டும் ஆடையைக் கரண்டியால் வழித்து வழித்துப் பாலிலேயே விட வேண்டும். அரை லிட்டருக்குக் கீழே போக வேண்டாம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அது நீரில் எளிதில் கரையாத வகை. அளவு மீறிச் சுண்டிய பாலை உறைய வைத்தால் லாக்டோஸ் தனிப் படிகமாகப் பிரிந்து, வாயில் மணல் போல உரசும். அது பனிப்படிக நறநறப்பு அல்ல, வாயில் எளிதில் கரையாது. வீட்டில் செய்து தோற்றவர்களில் பலர் தோற்ற இடம் இதுதான்.

அடுப்பை அணைக்கும்போது 75 கிராம் சீனி சேர்க்கலாம். பழத்தை மட்டும் சூட்டில் சேர்க்கக் கூடாது. வாழைப்பழம் புளிப்புத்தன்மை உள்ளது, சூடான பால் திரிந்துவிடும். பால் முழுதாக ஆறட்டும். தோலுரித்த பழம் 250 கிராம் வேண்டும், நடுத்தரப் பழமானால் நான்கைந்து. பழத்தை மசித்து, கம்பிச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். ரஸ்தாளி இனத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: சில பழங்களின் நடுவே பழுக்காத கெட்டிக் கட்டி நிற்கும். அதைச் சல்லடை நிறுத்திவிடும். நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பழம் கருக்காது. நறுக்கிய வாழை காற்றுப் பட்டுக் கருப்பது ஒரு நொதியின் வேலை, புளிப்பில் அந்த நொதி ஓய்ந்துவிடும். ஏலக்காய் வேண்டாம் என்பது என் கருத்து. ரசாயனவுக்கு ஏலக்காய் அழகு. ஐஸ்கிரீமில் குளிர் நாக்கை மரக்க வைப்பதால் மென்மையான மணம் முதலில் மறைந்து முரட்டு மணமே மிஞ்சும். ஏலக்காய் போட்டால் ரசபாளெ தோற்கும், அதைத் தோற்கவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஒரு கணக்கு. இதுவரை பாத்திரத்தில் இருப்பது ஏறக்குறைய 855 கிராம். அதில் பால்கொழுப்பு 62 கிராம், அதாவது 7 சதவீதம் சொச்சம். இந்திய உணவுச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்று பெயர் வைக்கப் பால்கொழுப்பு 10 சதவீதமாவது வேண்டும். அதற்குக் கீழே இரண்டரைக்கு மேலே இருந்தால் நடுத்தரக் கொழுப்பு ஐஸ்கிரீம் என்று எழுத வேண்டும். வீட்டுச் சமையலறைக்குச் சட்டம் வராது என்றாலும், அந்தப் பத்து காரணமில்லாமல் வைத்ததல்ல. காற்றுக் குமிழியைச் சுற்றி நின்று தாங்குவது கொழுப்புதான். கடையில் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 200 மில்லி பொட்டலமாகக் கிடைக்கிறது. அதைச் சேர்த்தால் கலவை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், கொழுப்பு பத்தரை சதவீதத்துக்கு வந்துவிடும். கலவையை மூடி இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அந்த நேரத்தில் கொழுப்புத் துளிகள் கெட்டிப்படுகின்றன, பால் புரதங்கள் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. தோசை மாவுக்குப் பொறுத்திருக்கத் தெரிந்த குடும்பங்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

குளிர் எங்கிருந்து வரும் என்பதற்கு இந்தியாவிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. அக்பர் அரண்மனையில் குடிநீரை வெடியுப்பு கரைத்த நீரில் அலைத்துக் குளிர்வித்ததை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் பதிந்திருக்கிறார். 1586 முதல், அரசவை பஞ்சாபில் இருந்த காலத்தில், மலையிலிருந்து பனிக்கட்டியும் வந்தது. 1775-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ பரப்பிய குழிகளில் ஆழமற்ற மண் தட்டுகளில் நீர் வைத்து, விடிவதற்குள் ஐஸ் எடுத்ததை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். தெளிந்த வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்து, மண்ணின் துளை வழியாக ஆவியாகி, காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலும் நீர் உறைந்தது. இயந்திரமில்லாத ஐஸுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சென்னையில் வேறு கதை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸை மரத்தூளில் புதைத்து, ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்கு வந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் அந்தப் பகுதிக்குப் பெயர். நீராவியால் உள்நாட்டிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் முடிந்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், அதனால் இன்று விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் பக்கத்து ஏரியின் நீர் மெரினாவில் வந்து உருகிய காலம் அது. அன்றும் வீட்டில் ஐஸ்கிரீம் உறைய வைத்த கருவி ஒரு மூடிபோட்ட தகரப் பாத்திரம்தான். அதை உப்பு கலந்த ஐஸில் அமிழ்த்தி, மூடியின் கைப்பிடியைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருகுவார்கள். 1843-இல் ஃபிலடெல்ஃபியாவின் நான்சி ஜான்சன் கைச்சுழற்சி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறும்வரை உலகத்து ஐஸ்கிரீமெல்லாம் இப்படிப்பட்ட பாத்திரங்களில் பிறந்ததுதான்.

மூடியும் கைப்பிடியும் உள்ள அந்தப் பாத்திரம் நம் வீட்டுத் தூக்குவாளி அல்லாமல் வேறென்ன? மூன்று லிட்டர் எவர்சில்வர் தூக்கு ஒன்று போதும். கலவை அதில் பாதிக்குமேல் இருக்கக் கூடாது, கிண்ட இடமும் காற்றேற இடமும் வேண்டும். பிளாஸ்டிக் டப்பா கூடாது. எஃகு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் பிளாஸ்டிக் நூற்றில் சில பங்குதான் கடத்தும்.

தூக்கைவிட அகலமான பக்கெட் ஒன்று, மூன்று கிலோ ஐஸ், ஒரு கிலோ கல்லுப்பு. இந்த மூன்றுக்கு ஒன்று கைக்கு வந்தபடி சொன்ன கணக்கல்ல. உப்பும் நீரும் சேர்ந்து அடையக்கூடிய மிகத் தாழ்ந்த உறைநிலை கழித்தல் 21.1 பாகை, அது அமைவது உப்பு 23.3 சதவீதம் இருக்கும்போது. பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றேகால் பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. குல்பிக்காரர்கள் சிவப்புத் துணி சுற்றிய பானையில் இதைத்தான் கட்டி வருகிறார்கள். ஐஸ் உருக ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். உப்பு பட்டதும் அது பூச்சியத்துக்குக் கீழேயே உருகத் தொடங்கி, தேவையான வெப்பத்தைத் தூக்குவாளியிலிருந்து உறிஞ்சுகிறது. 1724-இல் ஃபாரன்ஹீட் தன் அளவுகோலின் பூச்சியத்தை ஐஸும் நவச்சாரமும் கலந்த குளிரில்தான் குறித்தார். அது செல்சியஸில் கழித்தல் 17.8 பாகை. இன்று ஃப்ரீசர்களுக்கு விதித்திருக்கும் கழித்தல் 18 பாகை அந்தப் பழைய பூச்சியமேதான். பக்கெட் ஃப்ரீசருக்குக் குறைந்ததல்ல, குளிரைத் தருவதில் வேகம் கூடுதல். ஃப்ரீசரில் பாத்திரத்தைச் சுற்றி இருப்பது காற்று, பக்கெட்டில் இருப்பது நீர்.

ஐஸை உலக்கையால் நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, ஒரு வரிசை ஐஸ், ஒரு கை உப்பு என்று தூக்கின் கழுத்துக்குக் கீழேவரை நிரப்புங்கள். உப்பு நீர் மூடிக்குள் போனால் எல்லாம் போயிற்று. பக்கெட்டைச் சாக்கால் சுற்றுங்கள். வெறும் கையை உப்பு நீரில் விடாதீர்கள், தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். பிறகு தூக்கின் பிடியைப் பிடித்து அரை வட்டம் அந்தப் பக்கம், அரை வட்டம் இந்தப் பக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, தோசைத் திருப்பியால் சுவரில் படிந்ததை வழித்து நடுவே தள்ளி, மத்தால் பத்துக் கடை கடைய வேண்டும். கிண்டி எடுக்கும் நிலையில், அதாவது கழித்தல் 5 பாகையில், நீரில் ஏறக்குறைய பாதிதான் உறைந்திருக்கும். மத்து தானே நிற்கும் பதம் வந்தால் போதும். என் கைக்கு அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. இரண்டு பேர் மாறி மாறிச் செய்வது நல்லது.

ஐஸ் கிடைக்காதவர்கள் அகலமான எஃகுத் தட்டில் கலவையை ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைக்கலாம். முக்கால் மணி நேரத்தில் ஓரம் இறுகும். எடுத்து மிக்ஸியில் ஒரு சுற்று, மறுபடி உள்ளே. அரை மணிக்கு ஒருமுறை இப்படி மூன்று தடவை. இதுவும் நல்ல ஐஸ்கிரீம்தான். காற்று இரண்டு வழியிலும் குறைவாகவே ஏறும். கடை ஐஸ்கிரீம் ஒரு லிட்டர் 525 கிராமாவது இருக்க வேண்டும் என்று இந்திய விதி சொல்கிறது, அதாவது பாதிக்கு அருகே காற்று இருக்கலாம். நம்முடையது கனக்கும். கிண்ணத்தில் குறைவாக வைத்தாலும் ஏமாற்றம் இராது. மூன்று நாளுக்குள் உண்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை ஃப்ரிட்ஜ் திறக்கும்போதும், மின்சாரம் போய் வரும்போதும், சிறு படிகங்கள் உருகிப் பெரியவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மனம் கனக்கும் பகுதிக்கு வருகிறேன். ரசபாளெ குறைந்துகொண்டே வருகிறது. காரணம் ஃபுசேரியம் என்ற மண்ணுயிர்ப் பூஞ்சை உண்டாக்கும் வாடல் நோய். மத்திய அமெரிக்காவின் குரோஸ் மிஷல் வாழைத் தோட்டங்களைச் சென்ற நூற்றாண்டில் அழித்த அதே பனாமா வாடல். பூஞ்சை வேரில் நுழைந்து நீர்க்குழாய்களை அடைத்துவிடும். ஈரமான மண்ணில் நின்றபடியே மரம் தாகத்தில் சாகும். இலைகள் மஞ்சளாகி மடங்கித் தண்டைச் சுற்றித் தொங்கும். வித்துகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். நோய் கண்ட தாயின் பக்கக்கன்றை வாங்கி நட்டால் நோயையும் சேர்த்து நட்டதாகும். திசு வளர்ப்புக் கன்று சுத்தமானது, ஆனால் நஞ்சேறிய மண்ணில் அதையும் நோய் பிடிக்கும். தமிழ்நாட்டு ரஸ்தாளியும் இதே நோயோடுதான் போராடுகிறது. சந்தையில் ரசபாளெ கேட்டுவிட்டு ஏலக்கி வாழையோடு வீடு திரும்பிய நாட்கள் எனக்குப் பல. ஏலக்கி மோசமில்லை, அதன் இனிப்பு தெளிவானது. பழனிக்காரர்கள் மலைவாழையில் செய்யலாம், நீர் குறைவான பழம் என்பதால் மிக நன்றாகவே வரும். ரஸ்தாளி கிடைப்பவர்கள் அதையே கொள்ளுங்கள். ஆனால் ரசபாளெயே ஒரு சீப்பு கிடைத்தால், அதில் பாதியை அப்படியே உண்ணுங்கள், பாதியை மட்டும் உறைய வையுங்கள்.

கடைசியாகப் பக்கெட்டில் மிஞ்சும் உப்பு நீர். ஏறக்குறைய நான்கு கிலோ கரைசலில் ஒரு கிலோ உப்பு. இதை வாழையடியிலோ செடியடியிலோ கொட்டக் கூடாது. மொட்டைமாடியில் அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் வடிகட்டி ஊற்றி, மேலே வலைத்துணி போட்டு வைத்தால் சித்திரை வெயிலில் சில நாட்களில் நீர் போய், தட்டின் அடியில் உப்பு பூத்து நிற்கும். சமையலுக்கு எடுக்க வேண்டாம். சுரண்டி ஜாடியில் போட்டு, மேலே 'ஐஸ் உப்பு' என்று எழுதி வையுங்கள்.